கதவுக்கு வந்த ஐரிஷ்

“கதவு கேட்டிருந்தீங்கல்ல?”

“ஆமா சார். கேட்டிருந்தேன் சார்.”

“வந்திருச்சு.”

ஆவுடைத்தாய் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கள்ளிமடைத் தொடக்கப் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியை. பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவு போன ஆடிக் காற்றில் பிய்த்துக்கொண்டு போயிற்று. இந்த ஆடியும் பிறந்துவிட்டது. நடுவில் அவர் கேட்காத ஆள் இல்லை. இப்போது போனில் பேசுகிறவர் தனுஷ்கோடி. மழலையர் உலகமொழி இயக்ககத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர். மொழி இயக்ககத்துக்காரர் கதவைப் பற்றி ஏன் பேசுகிறார் என்ற சந்தேகம்கூட டீச்சருக்கு அந்தச் சந்தோஷத்தில் வரவில்லை.

“எப்ப சார் மாட்டுவாங்க?”

“எதை?”

“கதவ.”

“கதவு இல்ல மேடம். ஐரிஷ் வந்திருக்கு.”

 டீச்சருக்குத் தேக்கு தெரியும், வேம்பு தெரியும்.

“அது என்ன மரம் சார்? கரையான் அரிக்காதுல்ல?”

“மரம் இல்ல மேடம், மொழி. அயர்லாந்துன்னு ஒரு தேசம். அங்க பேசுறது. உங்க பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியாச்சு. பாடம் உடை விருப்பம். சின்னப் பிள்ளைக தங்களுக்கு எந்த உடை பிடிக்கும், எது பிடிக்காதுன்னு ஐரிஷ்ல சொல்லணும்.”

“சார், நான் கதவுதான கேட்டேன்?”

“என்ன தலைப்புல கேட்டீங்க? ஞாபகப்படுத்திப் பாருங்க.”

டீச்சருக்கு ஞாபகம் இருந்தது. பள்ளிகள் தங்கள் தேவையைப் பதிவதற்கென்று இருந்த இணையதளத்தில் கதவுக்கு இடமே இல்லை. ‘கட்டடம்’ என்பதைத் தொட்டால், புதிதாகக் கட்டவா, இருப்பதை இடிக்கவா என்று மட்டும் கேட்டது. தொட்டுத் தொட்டுப் பார்த்து, பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பிருந்தா டீச்சர்தான் ‘மறைப்பு’ என்றொரு தலைப்பைக் கண்டுபிடித்தார். கதவு எதற்கு, மறைக்கத்தானே என்று இருவரும் பேசி முடிவு செய்து அதை அழுத்தினார்கள்.

“மறைப்புன்னு கேட்டோம் சார்.”

“அங்கதான் இருக்கு. மறைப்புல மொத வர்றது உடை. உடையில மொத வர்றது உடை விருப்பம். அத முடிச்சுச் சான்று வாங்கிட்டீங்கன்னா, வரிசை ஒண்ணொண்ணா எறங்கிக் கதவுக்கு வந்துரும்.”

“எப்ப சார் எறங்கும்?”

“அது உங்க பிள்ளைக விருப்பத்தப் பொறுத்தது மேடம். பயிற்சிக்கு வந்துருங்க.”

போனை வைத்ததும் பிருந்தா கேட்டார்: “என்ன டீச்சர் சொல்றாரு?”

“ஒனக்கு ஐரிஷ் தெரியுமா?”

“அது என்ன டீச்சர், கம்பெனியா?”

“நான் மரம்னு நெனச்சேன்” என்றார் ஆவுடைத்தாய்.

கதவை நீங்களே வாங்கி மாட்டிவிடக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். டீச்சருக்கும் தோன்றியது. கேட்டார். அரசுச் சுவரில் சொந்தக் கதவை மாட்டினால் சுவர் யாருடையது என்ற கேள்வி வரும் என்றார்கள். சரி, பனைமட்டைத் தட்டியாவது கட்டுகிறோம் என்று ஊர்க்காரர்கள் வந்தார்கள். அதற்கும் பதில் வந்தது. கதவு மாதிரி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. புகைப்படத்தில் கதவு இல்லாமல் இருந்தால்தான் கதவு கேட்க முடியும். ஆகவே பழைய சேலை ஒன்றை வாசல் நிலையில் கட்டிவிட்டிருந்தார்கள். படம் எடுக்க ஆள் வரும்போது அவிழ்த்துவிடுவார்கள்.

சேலை கருத்தம்மாளுடையது. அவள் மகள் மாரீஸ்வரி இரண்டாம் வகுப்பு. திருச்சுழி வட்டாரத்து ஆடிக் காற்று சேலையை மதிக்கிற காற்று இல்லை. கருவேலங்காட்டைத் தாண்டிப் புழுதியோடு வந்து, உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், சேலையைக் கூரைக்குத் தூக்கிவிடும். எதிரே ஆண்பிள்ளைகள் கபடி ஆடுகிற இடம்.

மாரீஸ்வரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை.

பயிற்சிக்கு முதல் நாள் கருத்தம்மாள் பள்ளிக்கு வந்தாள்.

“டீச்சரம்மா, அருப்புக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். காச்சலு, அடிவயித்து வலி. டாக்டரம்மா என்னையப் பிடிச்சு ஏசுறாக. பிள்ளைக்குத் தண்ணி குடுக்க மாட்டியா, நீயெல்லாம் தாயான்னு. நான் என்னத்தச் சொல்ல?”

“கதவுக்குத்தான் கருத்தம்மா அலையுறேன்.”

“கதவு வரட்டும், அப்புறம் அனுப்புறேன். அதுவரைக்கும் எங்கூடக் களைவெட்டு நடக்கிற காட்டுல ஒக்காந்திருக்கட்டும். காட்டுலயாச்சும் மறைவு இருக்கு.”

“அப்படிச் சொல்லாத தாயி. வந்திருச்சு. ஒரு பாடம் நடத்தி முடிச்சா வந்துரும்னு சொல்லிட்டாக.”

“என்ன பாடம்?”

டீச்சர் சொன்னார். கருத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க படிச்சவுக, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆடி முடியுமட்டும் பாக்குறேன் டீச்சரம்மா.”

பயிற்சி அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடுகிற சத்தம் உள்ளேயும் கேட்டது. மணமேடையில் நின்று தனுஷ்கோடி பேசினார்.

“ஏன் ஐரிஷ்னு நீங்க கேக்கலாம். எங்க இயக்குநர் மேடம் யோசிக்காம எதையும் செய்ய மாட்டாங்க. இது வறண்ட பூமி. மழைய நம்மால குடுக்க முடியாது. அது நம்ம அதிகாரத்துல இல்ல. ஆனா மழை பெய்யிற தேசத்தோட மொழியக் குடுக்கலாம்ல? அயர்லாந்துல எந்நேரமும் மழை. தண்ணிக்கு அங்க இஷ்கென்னு பேரு. எல்லாரும் சொல்லுங்க.”

“இஷ்கெ.”

“இப்ப உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி தெரியுதா இல்லையா?”

“ஏசி ஓடுது சார்” என்றது பின்வரிசை.

ஆவுடைத்தாய் எழுந்தார். “சார், ஐரிஷ் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து சொல்லித் தருவாங்களா?”

“அந்தத் தப்ப மட்டும் நாங்க பண்ணல மேடம். தெரிஞ்சவங்க வந்தா என்ன செய்வாங்க? தப்புக் கண்டுபிடிப்பாங்க. பிள்ளைகளுக்குக் கூச்சம் வந்துரும். யாருக்குமே தெரியலன்னாத்தான் எல்லாரும் சமம். இதுதான் இந்தத் திட்டத்தோட உயிர்நாடி.”

நெசவாளர் தெருப் பள்ளியிலிருந்து வந்த திம்மையா சார் மெதுவாகக் கையைத் தூக்கினார். “சார், எங்க பிள்ளைக வீட்டுல கன்னடம் பேசுதுக. தெருவுல தமிழ். புத்தகத்துல இங்கிலீசு. இது நாலாவது.”

“அப்படியா? அப்ப உங்க பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் இருக்கு. உங்களுக்கு இன்னும் ரெண்டு மொழி சேத்துக் குடுக்கச் சொல்றேன்.”

திம்மையா உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு மண்டபத்தில் யாரும் கையைத் தூக்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து பாடத்தைச் சொன்னார்கள். இஸ் மா லியம் என்றால் எனக்குப் பிடிக்கும். நி மா லியம் என்றால் பிடிக்காது. இஸ் ஃபார் லியம் என்றால் அதைவிட இது எனக்கு மேல். ஸ்வெட்டருக்கு கியான்சி. குல்லாவுக்கு காபீன். கோட்டுக்கு கோட்டா. மதியம் சாம்பார் சாதம் வந்தபோது யாரோ “இஸ் மா லியம்” என்றார்கள். தனுஷ்கோடி ஓடிவந்து அவரைப் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் லோடு வண்டியில் ஒரு டிரங்குப் பெட்டி வந்து இறங்கியது. திறந்தபோது பாச்சா உருண்டை வாசனை வகுப்பை நிரப்பியது. கம்பளி ஸ்வெட்டர், கம்பளிக் கையுறை, காதை மூடும் குல்லா, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில் கருநீலத்தில் ஒரு கோட்டு. பெரிய ஆளுக்குத் தைத்தது. தூக்கவே இரண்டு பிள்ளைகள் வேண்டியிருந்தது.

“டீச்சர், இது செத்த கரடியா?” என்றான் பால்பாண்டி.

“இது கோட்டா. தொட்டுப் பாருங்க, கடிக்காது.”

மூடின அறையில், வெயில் ஓட்டின் வழியாக இறங்கிக்கொண்டிருக்க, பிருந்தா டீச்சர் ஸ்வெட்டரை ஒரு கையிலும் குல்லாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டார்.

“பால்பாண்டி, ஒனக்கு இதுல எது பிடிக்கும்?”

“எங்கண்ணனுக்கு எது டீச்சர்?”

“ஒங்கண்ணன விடு. ஒனக்கு எது?”

“எங்கண்ணனுக்கு எதோ அதுதான டீச்சர் எனக்கும்?”

கள்ளிமடையில் பங்குனிப் பொங்கலுக்குத் துணி எடுத்தால், ஒரே தானில் கிழித்து வாங்கி வருவார்கள். அண்ணனுக்குச் சட்டை, தம்பிக்குச் சட்டை, தங்கச்சிக்குப் பாவாடை, மிச்சம் விழுந்தால் தலையணை உறை. வீட்டில் யார் யார் என்று தெரு முனையிலிருந்தே சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளைகளிடம் உனக்கு எது பிடிக்கும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற டீச்சருக்கே அது கொஞ்சம் கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது.

பாடத்தின் கடைசியில் ஒரு பயிற்சி. பெட்டியில் இல்லாத, ஆனால் பிள்ளை ஆசைப்படுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

“இங்க இல்லாதது எது வேணும்? சும்மாச் சொல்லுங்க.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. வந்தவரிடம் இல்லாததைக் கேட்டு அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் பேச்சுப் பழகும்போதே பழகிவிடும். மாமா வந்து “என்ன வேணும்?” என்றால், பிள்ளை முதலில் மாமாவின் கையைப் பார்க்கும். கையில் முறுக்கு இருந்தால் முறுக்கு வேணும் என்று சொல்லும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும்.

“என்ன வேணும் மாரீஸ்வரி?”

மாரீஸ்வரி டீச்சரின் கையைப் பார்த்தாள். “குல்லா டீச்சர்.”

ஒரு வழியாகப் பிள்ளைகள் இஸ் மா லியம் சொல்லப் பழகின. ஸ்வெட்டரைக் காட்டினாலும் சொல்லின, பூட்ஸைக் காட்டினாலும் சொல்லின, பெட்டியைக் காட்டினாலும் சொல்லின. அதைக் காணொளியாக எடுத்து அனுப்பிய அன்றே தனுஷ்கோடி கூப்பிட்டார்.

“என்ன மேடம் இது, எல்லாமே பிடிக்கும்னு சொல்லுதுக?”

“அதுகளுக்கு எல்லாமே பிடிச்சிருக்கு சார்.”

“எல்லாமே பிடிச்சா அது விருப்பம் இல்ல மேடம், பசி. இயக்குநர் மேடம் இத ஏத்துக்க மாட்டாங்க. மூணுல ஒரு பங்குப் பிள்ளைகளுக்காச்சும் ஸ்வெட்டர் பிடிக்கக் கூடாது. யாராருக்குப் பிடிக்காதுன்னு நீங்களே ஒதுக்கிருங்க.”

“எப்படி சார் ஒதுக்க?”

“வரிசை எண்படி.”

வரிசை எண்படி ஒதுக்கியதில் பால்பாண்டிக்கு ஸ்வெட்டர் பிடிக்காமல் போயிற்று. அந்த வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் ஸ்வெட்டரைக் கழற்றாமல், வேர்த்து ஒழுக ஒழுகப் போட்டுக்கொண்டு திரிந்தவன்.

“ஏலே பால்பாண்டி, கழட்டுய்யா. ஒனக்கு இது பிடிக்காது.”

“எனக்குப் பிடிக்குமே டீச்சர்.”

“பிடிக்காதுன்னு மேல இருந்து வந்திருச்சு.”

“மேல இருக்கவுகளுக்கு என்னைய எப்படித் தெரியும் டீச்சர்?”

ஆவுடைத்தாய் டீச்சர் பெட்டி மூடியைத் திறந்து பிடித்தார். அவன் அழுதுகொண்டே ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, பெட்டியில் வைத்து, “நி மா லியம் கியான்சி” என்றான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அந்தக் காணொளி இயக்ககத்தில் பாராட்டுப் பெற்றது. பிள்ளை கண்ணீர் விடுகிற அளவுக்கு ஸ்வெட்டரை வெறுக்கிறான், உணர்வோடு மொழியைக் கற்றிருக்கிறான் என்று எழுதியிருந்தார்கள்.

ஆடிக் காற்று ஓங்கியது. ஒரு மதியம் கருத்தம்மாளின் சேலை முடிச்சோடு பிய்த்துக்கொண்டு போய்க் கருவேல முள்ளில் மாட்டி நார் நாராகிவிட்டது. உள்ளே போயிருந்த மாரீஸ்வரி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு முதுகு காட்டித் திரும்பி நின்றார்கள். சிரித்தவனை மற்றவர்கள் அடித்தார்கள். பிருந்தா டீச்சர் ஓடிவந்து சுற்றுமுற்றும் பார்த்தார். பெட்டியிலிருந்து தூக்கிவந்தது அந்தக் கோட்டைத்தான். நிலையில் இருந்த இரண்டு ஆணிகளில் தோள்பட்டையை மாட்டினார்.

காற்று அடித்தது. கோட்டு அசையவில்லை.

இன்னும் ஓங்கி அடித்தது. கீழ் ஓரம் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுகொண்டது. மழையிலும் குளிரிலும் நிற்கத் தைத்த துணி. கள்ளிமடைப் புழுதியா அதை அசைக்கும்?

உள்ளிருந்து மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். “இது இங்கேயே இருக்குமா டீச்சர்?”

“இப்போதைக்கு இருக்கும்மா.”

வெளியே வந்து கைகழுவியவள், குழாயடியில் குனிந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து மடக் மடக்கென்று குடித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் தண்ணீர் குடித்து ஆவுடைத்தாய் டீச்சர் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தண்ணிக்கு என்ன பேரு, சொல்லு?”

“இஷ்கெ டீச்சர்.”

அன்றிலிருந்து காலையில் மணி அடித்ததும் கோட்டை மாட்டுவதும், பள்ளி விடும்போது எடுத்துப் பெட்டியில் வைப்பதும் பிருந்தாவின் வேலையாயிற்று. பெண்பிள்ளைகள் ஒருத்தி உள்ளே போகும்போது ஒருத்தி வெளியே நின்று கோட்டின் கையைப் பிடித்துக்கொள்வாள். கருத்தம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். “எந்தச் சீமையில தச்சதோ, மகராசன் நல்லா இருக்கட்டும்” என்றாள்.

இயக்குநர் வருகைக்கு முன்னோட்டம் பார்க்க வந்த தனுஷ்கோடியின் கண்ணில் கழிப்பறைதான் முதலில் பட்டது.

“மேடம்! கற்றல் பொருள் அங்க ஏன் தொங்குது?”

“சார், சேலை கிழிஞ்சுபோச்சு. பிள்ளைக…”

தனுஷ்கோடி அருகே போய் நின்று கோட்டையே பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அருமை மேடம். அருமை. பாடம் வகுப்பறைய விட்டு வெளிய வந்து வாழ்க்கையில கலந்திருச்சு. இப்படி ஒரு பள்ளிக்கூடத்தத்தான் தேடிக்கிட்டிருந்தோம். எடுத்துராதீங்க. மேடம் வர்ற அன்னைக்கும் தொங்கட்டும்.”

“சார், மேடம் வரும்போது அந்தக் கதவப் பத்தி ஒரு வார்த்தை…”

“வேண்டவே வேண்டாம். அன்னைக்குத் தமிழ்ல எந்தக் கோரிக்கையும் வைக்கக் கூடாது. பிள்ளைக ஐரிஷ்ல என்ன சொல்லுதோ அது மட்டும்தான் பதிவாகும். அதுதான் நெறிமுறை.”

அவர் போனபின் ஆவுடைத்தாய் பிருந்தாவைக் கூப்பிட்டார்.

“ஏ பிருந்தா, ஒன் போன்ல பாரு. கதவுக்கு ஐரிஷ்ல என்ன?”

பிருந்தா பார்த்தார். “டொரஸ்னு போட்டிருக்கு டீச்சர்.”

“ஐரிஷ்ல சொன்னாப் பதிவாகும்ல?”

“ஆகும்னுதான் சொன்னாரு.”

“அப்ப நம்ம பிள்ளை ஐரிஷ்லயே கேக்கட்டும்.”

ஓய்வுபெறுவதற்குள் தான் செய்யும் ஒரே சூழ்ச்சி இதுவாகத்தான் இருக்கும் என்று டீச்சருக்குத் தோன்றியது. மாரீஸ்வரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“மேடம் வந்து ஒனக்கு எது மேலன்னு கேப்பாக. நீ என்ன சொல்லணும்? கோட்டாவை விட டொரஸ்தான் எனக்கு மேல. இஸ் ஃபார் லியம் டொரஸ் நா கோட்டா. சொல்லு.”

“இஸ் ஃபார் லியம் டொரஸ் நா கோட்டா.”

“டொரஸ்னா?”

“கதவு டீச்சர்.”

“எந்தக் கதவு?”

மாரீஸ்வரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். “அந்தக் கதவு.”

பிள்ளை இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டது. வரும்போதும் போகும்போதும் டீச்சர் கேட்டார். அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இயக்குநர் ஹேமலதா வந்த காரின் கண்ணாடி இறங்கியபோது உள்ளிருந்து ஐரோப்பியக் குளிர் வெளியே வந்தது. புழுதி அவர் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. பிள்ளைகள் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு வரிசையில் நின்றார்கள். பிடிக்காதவர்கள் வரிசை தனியாக இருந்தது. பால்பாண்டி அதில் முதலாவதாக நின்றான்.

இயக்குநர் பேசினார்.

“குழந்தைகளே, ஆசிரியர்களே, நான் இந்தப் பகுதியில் நிறையப் பள்ளிகளுக்குப் போகிறேன். எங்கே போனாலும் எதையாவது கேட்கிறார்கள். ஒரு பள்ளியில் விளக்கு, ஒரு பள்ளியில் கிணற்றுக்கு மூடி. எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். தேவை என்பது விலங்குகளுக்கும் உண்டு. விருப்பம் மனிதனுக்கு மட்டும்தான் உண்டு. தேவையைப் பற்றிப் பேசிப் பேசி இவர்களுக்கு விருப்பத்தைப் பற்றிப் பேச வாயே இல்லாமல் போய்விட்டது. அந்த வாயைத் தருவதுதான் எங்கள் இயக்ககம். ஒரு குழந்தை எனக்கு இது வேண்டும் என்று கேட்டால் நாம் கொடுக்க வேண்டிவரும். எனக்கு இது பிடிக்கும் என்று சொன்னால் கைதட்டினால் போதும். எது நாகரிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.”

தனுஷ்கோடி கைதட்டினார். பிள்ளைகளும் தட்டின. கம்பளிக் கையுறை மாட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை.

பால்பாண்டி ஸ்வெட்டரைப் பார்க்காமலே அதை வெறுத்துக் காட்டினான். இயக்குநர் தலையசைத்தார். அடுத்து மாரீஸ்வரி. கேமராக்காரர் குனிந்தார். ஆவுடைத்தாய் டீச்சர் சுவரோரம் நின்று, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“காட் இஸ் ஃபார் லாட்?” என்றார் இயக்குநர். உனக்கு எது மேல் என்று அர்த்தம்; அந்த ஒரு வாக்கியம் அவருக்கும் தெரியும். “எதை விட எதுன்னு முழுசாச் சொல்லணும் கண்ணு.”

மாரீஸ்வரி இயக்குநரைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். கையில் போன் மட்டும் இருந்தது. காரைப் பார்த்தாள். காரிலும் கதவு எதுவும் ஏற்றி வந்த மாதிரி தெரியவில்லை. கழிப்பறைப் பக்கம் பார்த்தாள். அங்கே கோட்டு அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சரின் உதடு தானாக அசைந்தது: டொரஸ், டொரஸ்.

“இஸ் ஃபார் லியம் கோட்டா” என்றாள் மாரீஸ்வரி, கணீரென்று. “நா டொரஸ்.”

தனுஷ்கோடி தன் போனில் தேடினார். “கதவைவிடக் கோட்டுதான் எனக்கு மேல்னு சொல்லுது மேடம்! டொரஸ் நம்ம பாடத்துலயே இல்ல. பிள்ளை தானாக் கத்துக்கிட்டிருக்கு!”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒரு கிராமத்துக் குழந்தை, கதவையும் கோட்டையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருகிறது. இதற்குத்தான் நான் இத்தனை வருஷம் உழைத்தேன்.”

“மேடம்” என்றார் ஆவுடைத்தாய். “மேடம், பிள்ளை மாத்திச் சொல்லிருச்சு மேடம். அது கேக்க வந்தது கதவு…”

“தமிழ் வேண்டாம் டீச்சர். சூழல் கெட்டுப்போகும்.”

டீச்சர் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த ஐரிஷில் ஸ்வெட்டர் இருந்தது, குல்லா இருந்தது. அம்மா தாயே என்று கெஞ்சுவதற்கு ஒரு சொல் இல்லை.

கிளம்பும்போது இயக்குநர் கழிப்பறை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு கோட்டின் காலரைத் தொட்டுப் பார்த்து, “இது இனிமேல் பெட்டியில் இருக்க வேண்டிய பொருளே இல்லை. தலைமையகத்தில் கண்ணாடிப் பேழையில் வைக்க வேண்டும்” என்றார். தனுஷ்கோடியும் டிரைவரும் சேர்ந்து அதை ஆணியிலிருந்து இறக்கி, மடித்து, காரில் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். கதவு மூடியது. காருக்கு நான்கு கதவுகளும் நன்றாக இருந்தன.

புழுதி அடங்கியபின் ஆவுடைத்தாய் மாரீஸ்வரியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கோபம் வரவில்லை.

“ஏந்தாயி மாத்திச் சொன்ன?”

“அவுககிட்ட கதவு இல்லையே டீச்சர்.”

“அதுக்கு?”

“இல்லாததக் கேட்டா அவுகளுக்குச் சங்கட்டமா இருக்கும்ல? எங்கம்மா சொல்லும், வந்தவுககிட்ட இருக்கதக் கேளுன்னு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கோட்டா இருந்துச்சுல்ல, அதான் சொன்னேன். அதையும் ஏன் டீச்சர் கொண்டுக்கிட்டுப் போறாக?” என்றாள்.

ஆடி முடிவதற்குள் தனுஷ்கோடியின் போன் வந்தது.

“மேடம், சான்று வந்திருச்சு. மாவட்டத்துலயே மொதல்ல முடிச்சது உங்க பள்ளிக்கூடம். வாழ்த்துகள்.”

“அப்ப கதவு சார்?”

“அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வரிசை எறங்கிக் கதவு வரைக்கும் வந்திருச்சு. வந்த எடத்துல காணொளியப் பாத்திருக்காங்க. பயனாளியான மாணவியே கதவைவிடக் கோட்டுதான் மேல்னு தெளிவாச் சொல்லியிருக்கு. பிள்ளை விருப்பத்துக்கு விரோதமாக் கதவத் திணிக்க முடியாதுன்னு முடிச்சுட்டாங்க மேடம்.”

“சார், சரி சார், அப்ப அந்தக் கோட்டையாச்சும்…”

“கோட்டு கண்ணாடிக்குள்ள போயிருச்சே. ஆனா நீங்க தாராளமா வந்து பாக்கலாம். அனுமதி இலவசம்.”

 

கருத்தம்மாள் இன்னொரு சேலையோடு வந்தாள். நன்றாக இருக்கிற சேலை. பிருந்தா ஏறி அதே ஆணிகளில் கட்டிவிட்டார். கட்டி முடித்துக் கீழே இறங்குவதற்குள் காற்று அதைத் தூக்கிக் கூரையில் போட்டது. கருத்தம்மாள் அண்ணாந்து பார்த்தாள். ஆடி முடியுமட்டும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆடிக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தன. வெயில் கொளுத்தியது. மாரீஸ்வரியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. டீச்சர் தன் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து அவள் முன்னால் நீட்டினார்.

“ஒரு வாய் குடி ஆத்தா. டீச்சர் வாசல்ல வந்து நின்னுக்கிறேன். குடி.”

மாரீஸ்வரி சொம்பைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குச் சங்கடம் வராதபடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே நிமிர்ந்து நின்று சொன்னாள்:

“நி மா லியம் இஷ்கெ.”

எனக்குத் தண்ணீர் பிடிக்காது. வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. திருத்துவதற்கு டீச்சரிடம் ஒன்றும் இல்லை.